“தக்கது பிழைக்கும்”: சொல்லும் பொருளும்

விஞ்ஞானிகள் தம் ஆராய்ச்சிக்கென்று எடையிட்டுச் செய்த சொற்கள் சில, காலப்போக்கில் கடைத்தெருவுக்கு வந்துவிடுகின்றன. கடைத்தெருவுக்கு வந்த சொல் பலர் கைபட்டுத் தேய்கிறது. நாணயத்தின் முத்திரை தேய்ந்தாலும் அது செலாவணியாவது போல, முதற்பொருள் மறைந்த பின்னும் அச்சொல் வழங்கிக்கொண்டேயிருக்கிறது. “தக்கது பிழைக்கும்” என்னும் தொடர் அத்தகையது. உயிர்நூலில் பிறந்து இன்று வீட்டுத் திண்ணைவரை வந்திருக்கும் இத்தொடரை, முத்திரை தெரியும்படி ஒருமுறை துலக்கிப் பார்ப்போம்.

தெருமுனையில் நெடுங்காலம் நடந்த மளிகைக்கடை மூடப்படுகிறது. “என்ன செய்வது? தக்கதுதானே பிழைக்கும்” என்கிறோம். அலுவலகத்தில் ஆட்குறைப்பு நேர்ந்து ஒருவர் வேலை இழக்கிறார். அங்கும் அதே சொல். நுழைவுத் தேர்வில் ஒரு பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை; அங்கும் அதே சொல். சொல்பவர் கல்நெஞ்சர் அல்லர். பெரும்பாலும் ஆறுதலாகவே சொல்கிறார். ஆனால் கேட்பவர் நெஞ்சில் பதிவன மூன்று கருத்துகள். வென்றவன் உயர்ந்தவன் என்பது ஒன்று. தோற்றவன் தகுதியற்றவன் என்பது இரண்டாவது. இது இயற்கையின் நியதி. ஆகவே யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை என்பது மூன்றாவது. “வல்லான் வகுத்ததே வாய்க்கால்” என்னும் பழமொழிக்கு விஞ்ஞானச் சட்டை தைத்துப் போட்டது போல் ஆகிவிடுகிறது.

இம்மூன்று கருத்துகளில் ஒன்றேனும் உயிர்நூல் சொன்னதா? இல்லை என்பதே நம் விடை. அதை விளக்குவதற்கு முன், இது வெறும் சொல்லாராய்ச்சியன்று என்பதற்கு ஒரு காரணம் காட்டுவோம்.

தமிழகத்திற்கு வெளியே வாழும் நம் குடும்பங்களில் பிள்ளைகள் பலர் மத்தியக் கல்வி வாரியப் பள்ளிகளில் பயில்கின்றனர். அங்குப் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் பாடநூலில் பாரம்பரியமும் பரிணாமமும் சேர்ந்து ஓர் அத்தியாயமாக இருந்தன. 2023ஆம் ஆண்டுப் பதிப்பில் பரிணாமப் பகுதி நீங்கி, பாரம்பரியம் மட்டும் நின்றது. மாணவர் சுமையைக் குறைப்பதே நோக்கம் எனக் கூறப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் பிறரும் கையொப்பமிட்டு, அப்பகுதியை மீண்டும் சேர்க்க வேண்டுமென முறையிட்டனர். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இப்பாடம் விரிவாக உண்டு. ஆயினும் பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிட்டு வணிகவியலுக்கோ கணிதத்திற்கோ செல்லும் பிள்ளைக்கு அது எட்டுவதில்லை. அப்பிள்ளை பரிணாமத்தைப் பற்றிக் கேட்கும் பாடம், நாம் வீட்டில் பேச்சோடு பேச்சாகச் சொல்லும் தொடர்கள்தாம். அவை பிழைபட்டால், அவற்றைத் திருத்துவதற்கு வேறு ஆசிரியர் இல்லை.

சொல் பிறந்த கதை

சார்லஸ் டார்வின் தம் “உயிரினங்களின் தோற்றம்” என்னும் நூலை 1859ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்டார். அதன் முதற்பதிப்பில் நாம் பேசும் தொடர் இல்லை. டார்வின் ஆண்ட சொல் “இயற்கைத் தேர்வு” என்பது. “தக்கது பிழைத்தல்” என்ற தொடரைப் படைத்தவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்னும் ஆங்கிலத் தத்துவ அறிஞர். டார்வின் நூலைப் படித்த பின், 1864இல் வெளிவந்த தம் உயிரியல் நூலில் அதனை எழுதினார்.

அத்தொடரை டார்வினிடம் கொண்டு சேர்த்தவர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ். டார்வினைப் போலவே தாமாக இக்கொள்கையைக் கண்டவர் அவர். 1866ஆம் ஆண்டு ஜூலையில் டார்வினுக்கு ஒரு கடிதம் எழுதினார். “தேர்வு” என்றால் தேர்ந்தெடுப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று மக்கள் எண்ணிவிடுகிறார்கள். இயற்கை உட்கார்ந்து ஆராய்ந்து பொறுக்கி எடுப்பதாகக் கருதுகிறார்கள். ஆகவே ஸ்பென்சரின் தொடரை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது அக்கடிதத்தின் கருத்து. டார்வினும் இசைந்தார். 1869இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இயற்கைத் தேர்வைப் பற்றிய அத்தியாயத்தின் தலைப்பிலேயே இரண்டு தொடர்களும் இடம் பெற்றன.

ஒரு தவறான கருத்தை விலக்குவதற்காக அழைத்து வரப்பட்ட தொடர், தன்னோடு வேறொரு தவறான கருத்தையும் அழைத்து வந்துவிட்டது. வீட்டு எலியை ஓட்ட வந்த பூனை உறிப்பாலைக் குடித்த கதையாயிற்று.

தகுதி வேறு, வலிமை வேறு

ஆங்கிலத்தில் இத்தொடரிலுள்ள “ஃபிட்” என்ற சொல்லுக்கு, டார்வின் காலத்தில் பொருந்துவது, ஏற்றது என்பதே தலையாய பொருள். உடற்பயிற்சியால் முறுக்கேறிய மேனியைக் குறிக்கும் வழக்கு பின்னர் ஓங்கியது. ஆகவே ஆங்கிலம் பேசுவோர் பொருள் மயங்குவதற்கு ஒரு சாக்கு உண்டு. நமக்கு அந்தச் சாக்கும் இல்லை. தமிழில் இதனைப் பெயர்த்தவர்கள் “தக்கன பிழைத்தல்” என்றே பெயர்த்தார்கள். “தகு” என்பது அதன் அடிச்சொல். தகவு, தகுதி, தக்கார் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. கையளவுக்குத் தக்க வளையல், விரலுக்குத் தக்க வீக்கம் என்று சொல்லும்போது யாரும் வலிமையை நினைப்பதில்லை, பொருத்தத்தையே நினைக்கிறோம். வலிமைக்கு வல்லமை, திறல், ஆற்றல் என நம்மிடம் சொற்கள் நிறைய உண்டு. பெயர்த்தவர்கள் அவற்றை எடுக்காமல் “தக்கது” என்பதையே எடுத்தது அரிய செயல். நாமோ “தக்கது” என்று வாயால் சொல்லி, “வல்லது” என்று மனத்தால் கேட்கிறோம்.

“தக்கது” என்றவுடன் எழ வேண்டிய கேள்வி, “எதற்குத் தக்கது?” என்பதாகும். இடமும் காலமும் சொல்லாமல் எதையும் தக்கதென்று கூற இயலாது. அதற்கு ஒரு சிறு விட்டிற்பூச்சி சான்று.

இங்கிலாந்தில் வெண்ணிறச் சிறகில் மிளகுப்பொடி தூவியது போன்ற புள்ளிகளையுடைய ஒருவகை விட்டில் உண்டு. பாசி படர்ந்த வெளிறிய மரப்பட்டையில் அது அமர்ந்தால் பறவையின் கண்ணுக்கு எளிதில் தென்படாது. மான்செஸ்டர் பகுதியில் 1848இல் இவ்வினத்தின் கரிய வகை குறிக்கப்பட்டது. அன்று அது அரிது. தொழிற்சாலைகளின் புகைக்கரி மரங்களில் படிந்து பட்டைகள் கறுத்தன. வெள்ளை விட்டில் இப்பொழுது பளிச்செனத் தெரிந்தது. பறவைகள் கொத்தித் தின்றன. கரிய விட்டில் மறைந்து பிழைத்தது. 1895ஆம் ஆண்டளவில் அப்பகுதியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கரியவையாயின. பின்னர் 1956இல் பிரிட்டனில் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகை குறைந்தது, பட்டைகள் வெளுத்தன. வெள்ளை விட்டில் மீண்டும் பெருகிற்று. கரியது இன்று அரிதாகிவிட்டது.

கரிய விட்டிலின் சிறகு வெள்ளையின் சிறகைவிட வலியதாக இருந்ததில்லை. ஒரே பூச்சி ஒரு நூற்றாண்டில் தக்கதாகவும் அடுத்த நூற்றாண்டில் தகாததாகவும் ஆயிற்று. மாறியது மரத்தின் நிறம்.

இக்கணக்கை முதலில் போட்டவர் நம் நாட்டுக்கு உரியவராகிவிட்ட ஒருவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. ஜே. பி. எஸ். ஹால்டேன் 1924இல் இவ்விட்டிலை ஆராய்ந்து, அவ்வளவு விரைவில் கரிய வகை பெருக வேண்டுமாயின் அது வெள்ளையைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சந்ததியை விட்டுச் சென்றிருக்க வேண்டும் என்று கணித்தார். 1957இல் இங்கிலாந்தை விட்டுக் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தார். 1961இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1964ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளில் புவனேசுவரத்தில் காலமானார். ஹால்டேனும் அவர் காலத்து அறிஞர்களும் “தகுதி” என்பதை ஓர் எண்ணாக மாற்றிவிட்டார்கள். இன்ன சூழலில், இன்ன பண்புடைய உயிர், அடுத்த தலைமுறைக்குச் சராசரியாக எத்தனை வாரிசுகளைத் தருகிறது என்பதே உயிர்நூலில் தகுதி. அதில் புகழும் இல்லை, பழியும் இல்லை.

நீலகிரியின் சான்று

விட்டிலை விட்டு மனிதரிடம் வருவோம். அரிவாள் அணு இரத்தசோகை என்றொரு நோய் உண்டு. இரத்தத்தின் சிவப்பணு வட்டமாக இராமல் அரிவாள் போல் வளைந்துவிடும். நுண்ணிய குழாய்களில் அடைத்துக்கொண்டு தாங்கொணா வலி தரும். இந்தியாவில் இதன் அறிகுறியை முதன்முதல் கண்டது நம் நீலகிரியில்தான். அங்குள்ள பழங்குடி மக்களின் இரத்தத்தை ஆராய்ந்து லேமன், கட்புஷ் என்னும் இருவர் 1952இல் அதனை வெளியிட்டனர்.

இந்நோய்க்குக் காரணமான மரபணு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் குழந்தைக்கு நோய் பற்றும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் குழந்தை பெரும்பாலும் நலமாகவே வாழும். அதற்கும் மேல் ஒரு நன்மை உண்டு. அக்குழந்தையை மலேரியாக் காய்ச்சல் கொடுமையாகத் தாக்குவதில்லை. ஆண்டனி அலிசன் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து 1954இல் இதனை நிறுவினார். கொசு மலிந்த காட்டில் இம்மரபணு ஒரு கவசம். கொசுவும் மலேரியாவும் இல்லாத நகரத்தில் அதுவே பயனற்ற சுமை. இதனைத் “தகுதியுள்ள மரபணு” என்பதா, “தகுதியற்ற மரபணு” என்பதா? இடம் சொல்லாமல் விடை சொல்ல முடியாது.

இன்னொன்றும் கருதத்தக்கது. இந்நோயை 2047க்குள் ஒழிப்பதென்று நம் நாட்டில் தேசிய இயக்கம் ஒன்று 2023ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று தொடங்கப்பட்டது. “தக்கது பிழைக்கட்டும், தகாதது போகட்டும்” என்று எந்த மருத்துவரும் கைகட்டி நிற்கவில்லை. இயற்கை எவ்வாறு இயங்குகிறது என்று அறிவது வேறு. நாம் எவ்வாறு நடக்க வேண்டும் என்று முடிவு செய்வது வேறு.

ஏணியா, மரமா?

“தக்கது பிழைக்கும்” என்னும் தொடரோடு உடன்பிறந்தது போல் வழங்கும் இன்னொரு தொடர் “பரிணாம வளர்ச்சி”. பரிணாமம் வடமொழிச் சொல். ஒன்று வேறொன்றாக மாறுதல் என்பது அதன் பொருள். பால் தயிராவதைச் சாங்கிய நூலார் இதற்கு உதாரணம் காட்டுவர். பாலைவிடத் தயிர் உயர்ந்ததென்று அவர்கள் சொல்லவில்லை. இலங்கைத் தமிழர் தம் பாடநூல்களில் “கூர்ப்பு” என்று எழுதுகின்றனர். நாமோ பரிணாமத்தோடு “வளர்ச்சி”யை ஒட்டவைத்து, கீழிருந்து மேலே செல்லும் ஏணி போன்ற எண்ணத்தை உண்டாக்கிக்கொண்டோம். போதாக்குறைக்கு, நாளேடுகளில் “அரசியலில் புதிய பரிணாமம்” என்று எழுதுவதையும் காண்கிறோம். எழுதியவர் கருதியது பெரும்பாலும் “பரிமாணம்”. அது நீள அகல உயரத்தைக் குறிக்கும் வேறு சொல்.

பரிணாமத்தில் பெறுவதும் உண்டு, இழப்பதும் உண்டு. மெக்சிகோ நாட்டுக் குகைகளில் வாழும் ஒருவகை மீனுக்குக் கண் இல்லை. ஆற்றிலுள்ள அதே இனத்து மீனுக்குக் கண் உண்டு. இருளில் பயனற்ற கண்ணை இழந்ததும் பரிணாமமே. நிலத்தில் நான்கு கால்களால் நடந்த விலங்கின் வழியில் வந்தது திமிங்கிலம்; அம்மூதாதையரின் எலும்புகள் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் கிடைத்துள்ளன. கடலுக்குச் சென்றபின் பின்னங்கால்கள் மறைந்தன. இதனை வளர்ச்சி என்பதா, தேய்வு என்பதா? இரண்டும் பொருந்தா. பரிணாமம் கிளைவிடும் மரம் போன்றது. எந்தக் கிளையும் மற்றொன்றின் தலைமீது ஏறி நிற்பதில்லை.

சொல் தந்த துயரம்

ஒரு சொல்லைத் தவறாக வழங்குவதால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்கலாம். உலகில் சில இடங்களில் குடி முழுகியே போயிற்று. டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்ட்டன், மனித இனத்தைக் கால்நடையைப் போலத் தேர்ந்து பெருக்கலாம் என்னும் கொள்கைக்கு 1883இல் பெயர் சூட்டினார். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1907இல் அதற்கென முதற்சட்டம் பிறந்தது. “தகுதியற்றவர்” என்று முத்திரையிடப்பட்டவர்களுக்கு அவர்தம் இசைவின்றியே கருத்தடை செய்யலாம் என்பது அதன் கருத்து. அத்தகைய சட்டம் செல்லுமென்று அந்நாட்டின் உச்சநீதிமன்றம் 1927இல் தீர்ப்பளித்தது. அங்கு 60,000க்கும் மேற்பட்டோர் இவ்வாறு மலடாக்கப்பட்டனர். ஜெர்மனியில் 1933இல் இயற்றிய சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 4 லட்சம் பேர் அக்கதிக்கு ஆளாயினர். அதனைத் தொடர்ந்து வந்த படுகொலைகளை உலகம் அறியும். ஏழ்மையும் கல்வியின்மையும் ஊனமும் “தகுதியின்மை” என்று பெயர் மாற்றப்பட்டன. அப்பெயர் விஞ்ஞானத்திடம் இரவல் வாங்கியது.

டார்வின் கூட்டத்தைச் சேர்ந்த தாமஸ் ஹக்ஸ்லி இந்த ஆபத்தை முன்கூட்டியே கண்டார். 1893இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய சொற்பொழிவில் அவர் ஒரு கற்பனை சொன்னார். நம் உலகப் பாதி மீண்டும் குளிர்ந்து பனியால் மூடப்பட்டால், தாவரங்களுள் பிழைத்து நிற்கும் “தக்கவை” கற்பாசியும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுமே ஆகலாம் என்றார். அதற்காகக் கற்பாசி தேக்கைவிடச் சிறந்ததாகிவிடுமா? “தக்கது” என்பதற்கும் “நல்லது” என்பதற்கும் இடையேயுள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டுதல் அரிது. டார்வினும் 1871இல் எழுதிய நூலில், இயலாதவர்க்கு உதவும் இரக்கத்தை நாம் அடக்கிக்கொண்டால் நம் இயல்பின் மேன்மையான பகுதியே சீர்கெடும் என்ற கருத்தைக் கூறியிருக்கிறார்.

போட்டியே இயற்கையின் ஒரே வழி என்ற எண்ணத்தையும் ஒருவர் மறுத்தார். சைபீரியாவின் கடுங்குளிரில் விலங்குகளின் வாழ்வை நேரில் கண்ட குரொபாட்கின் என்னும் ரஷ்யர், 1902இல் வெளியிட்ட நூலில், அங்கே கூடி வாழ்ந்து ஒன்றுக்கொன்று துணைநின்ற உயிர்களே பிழைத்ததைக் கண்டதாக எழுதினார். உதவியும் ஒரு தகுதி.

நம் இல்லங்களில்

“பிழைத்தல்” என்ற சொல் நமக்குப் புதிதன்று. ஊரைவிட்டு வந்த நம்மை, ஊரார் “பிழைக்கப் போனவர்கள்” என்றார்கள். வந்த இடத்தார் “பிழைக்க வந்தவர்கள்” என்றார்கள். நாமும் நம்முள் ஒருவனைப் “பிழைக்கத் தெரிந்தவன்” என்றும் மற்றொருவனைப் “பிழைக்கத் தெரியாதவன்” என்றும் பிரிக்கிறோம். முன்னதைச் சொல்லும்போது குரலில் சிறிது ஏளனமும், பின்னதைச் சொல்லும்போது சிறிது மரியாதையும் கலந்திருப்பதைக் கவனித்தால், பிழைப்பதும் உயர்வதும் ஒன்றல்ல என்பது நம் மொழிக்கு முன்பே தெரியும் என்று புலனாகும். பிழை என்றால் தவறு என்றும் பொருள். மரபணு நகலெடுக்கப்படும்போது நேரும் சிறு பிழைகளிலிருந்தே புதிய பண்புகள் தோன்றுகின்றன என்கிறது உயிர்நூல். பிழையில்லாதிருந்தால் பிழைப்பும் இராது.

வந்தவர்கள் தனித்தனியே போட்டியிட்டா காலூன்றினோம்? தகரப்பெட்டியோடு புகைவண்டி நிலையத்தில் இறங்கியவனுக்கு, முன்பு வந்த ஊர்க்காரர் தம் அறையில் பாய் விரிக்க இடம் தந்தார். மெஸ்ஸில் கணக்குச் சொல்லி வைத்தார். வேலைக்கு விண்ணப்பம் எழுதித் தந்தார். சங்கங்கள் பிறந்ததும் அவ்வாறே. நம் பிழைப்பின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்தப் பகுதியை விட்டுவிட்டு, “வல்லவர்களாக இருந்ததால் பிழைத்தோம்” என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மையே.

தேர்வில் பின்தங்கிய பிள்ளையைப் பற்றியும் ஒரு சொல். நுழைவுத் தேர்வு ஒரு சல்லடை. ஓர் ஆண்டில், சில பாடங்களில், சில மணி நேரத்தில், இத்தனை இடங்களுக்கென்று மனிதர் பின்னிய சல்லடை. அதன் கண்ணளவை இயற்கை வகுக்கவில்லை. மனிதர் வகுத்தனர், மனிதர் மாற்றவும் கூடும். அதில் நில்லாமல் போன பிள்ளையிடம் “தக்கது பிழைக்கும்” என்று சொன்னால், ஒரு நாளின் முடிவை அவன் பிறவியின் முடிவாக்கிவிடுகிறோம்.

இறுதியாக ஒன்று. உயிர்நூலின்படி தனியொருவர் தம் வாழ்நாளில் பரிணாமம் அடைவதில்லை. பல தலைமுறைகளின் ஊடே ஓர் இனமே அடைகிறது. நாம் இந்தி பேசப் பழகியதும், நம் பிள்ளைகள் மராத்தியோ வங்காளமோ தாய்மொழி போல் பேசுவதும் பரிணாமமன்று, கல்வி. கற்றது விந்தின் வழியே இறங்குவதில்லை. அது போலவே தமிழும் இரத்தத்தில் ஊறி வருவதன்று. நாவில் ஊட்டி வருவது. “எங்கே இருந்தாலும் தமிழ் தானாகப் பிழைத்துக்கொள்ளும்” என்றிருப்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். தானாகப் பிழைப்பதற்கு அது விட்டிலன்று. நாம் பேசினால் பிழைக்கும். பேசாவிடில் ஒரே தலைமுறையில் வீட்டைவிட்டுப் போகும்.

ஆகவே, இனி நம் வீட்டில் யாரேனும் “தக்கதுதானே பிழைக்கும்” என்று சொன்னால், பிள்ளைகள் இரண்டு கேள்விகள் கேட்கட்டும். “எதற்குத் தக்கது? எந்த இடத்தில் தக்கது?” இவ்விரண்டையும் கேட்கப் பழகிய பிள்ளை, பாடநூலில் இல்லாத அத்தியாயத்தின் சாரத்தைப் பெற்றுவிட்டது எனலாம். விழுந்தவனைக் கண்டால் தீர்ப்புச் சொல்லாமல் கைகொடுக்கவும் அது கற்றுக்கொள்ளும்.